பாட்டியை விலக்கிய ஊருக்குப் பேரன் அனுப்பிய 417 புத்தகங்கள்

அம்மாமண்டபம் படித்துறையில் தர்ப்பணத்துக்கு உட்காருகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர் கடகடவென்று வந்துவிடும். அடுத்து பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று கேட்கும்போதுதான் பாதிப்பேர் திணறுவார்கள். வம்சாவளி தேடுகிற எவருக்கும் இது பழகிய விஷயம். ஆண் வழி நேராக ஓடும். பெண்கள் வந்ததும் தடம் காணாமல் போய்விடும்.

அதனாலேயே எலிஹு யேலின் பாட்டி ஆன் என்னை ரொம்ப நாளாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி. பேரனை நமக்குத் தெரியும். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். பாட்டியின் கதை பேரனுடையதைவிட சுவாரசியமானது என்பது என் கட்சி.

ஆன், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாயிடின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல் 1619இல் இறந்துபோனார். டேவிட், தாமஸ், ஆன் என்று மூன்று குழந்தைகள். பிறகு தியோஃபிலஸ் ஈட்டன் என்கிற லண்டன் வணிகருக்கு இரண்டாம் தாரமானார். 1637இல் குடும்பத்தோடு கப்பலேறி பாஸ்டன் போய், அடுத்த வருஷம் நியூ ஹேவன் என்ற ஊரை உருவாக்கினார்கள். ஈட்டன்தான் அங்கே கவர்னர்.

கவர்னர் மனைவி ஒரு புத்தகம் படித்தார், அதுதான் வினை. டெபோரா மூடி என்ற பெண்மணி மூலம் வந்த புத்தகம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்று வாதிட்டது. படித்துவிட்டு ஆன் சும்மா இருக்கவில்லை. தனக்குக் குழந்தைப் பருவத்தில் தந்தது ஞானஸ்நானமே இல்லை என்று முடிவு கட்டி, ஆராதனையின் நடுவிலேயே எழுந்து வெளியே போக ஆரம்பித்தார். சபை கூடி விசாரித்தது. விசாரணையில் புத்தகம் பின்னால் போய்விட்டது. மாமியாரை அடித்தார், மூத்தாள் மகளை அடித்தார், வேலைக்காரர்களிடம் சண்டை போட்டார் என்று வீட்டுக் குற்றப் பட்டியல் முன்னால் வந்தது. 1645இல் சபையிலிருந்து விலக்கினார்கள். அந்தப் பட்டியல் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. கோபக்காரியாகத்தான் இருந்திருக்கிறார். ஆனால் கோபக்காரக் கணவர்களை எந்தச் சபையும் இப்படி வரிவரியாக எழுதி வைக்கவில்லை.

அதே 1645இல் மாசசூசெட்ஸ் துணை கவர்னர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் இவருடைய மகளைப் பற்றி எழுதுகிறார். மகள் ஆன், கனெக்டிகட் கவர்னர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. சித்தம் கலங்கிவிட்டது. காரணம் அதிகம் படித்ததும் எழுதியதும்தானாம். பெண்களுக்குரிய வீட்டு வேலையைப் பார்த்திருந்தால் தெளிவாக இருந்திருப்பாராம்! அம்மா ஒரு புத்தகத்தால் கெட்டார், மகள் பல புத்தகங்களால் கெட்டார். அந்த ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பு அது.

மூத்த மகன் டேவிட் பாஸ்டனுக்கு இடம் மாறினார். அங்கேயும் சபை ஆதிக்கத்தை எதிர்த்த 1646ஆம் ஆண்டு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். அவர் மகன்தான் எலிஹு, 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். 1652இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. எலிஹு பிறகு அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. ஈட்டன் இறந்தபின் ஆனும் திரும்பி 1659இல் காலமானார். சின்ன மகன் தாமஸ் மட்டும் நியூ ஹேவனிலேயே வேர்விட்டார். நம் வீட்டுக் கதவில் இருக்கும் யேல் பூட்டைச் செய்த லைனஸ் யேல் அந்தக் கிளைதான்.

எலிஹு 1672இல் வருஷத்துக்கு 10 பவுன் சம்பளத்தில் கம்பெனி எழுத்தராக மெட்ராஸில் இறங்கினார். 1680இல் கோட்டைக்குள் புனித மேரி ஆலயம் திறந்த சில நாட்களிலேயே கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தார். அந்த ஆலயப் பதிவேட்டின் முதல் திருமணம் அது. மூன்று மகள்கள், ஒரே மகன் டேவிட். நான்கு வயது நிரம்பும் முன்பே, 1688இல் பையன் போய்விட்டான். சென்னையின் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஊசி மாதிரி நிற்கிற பழைய கல்லறைக் கோபுரம், கேத்தரினின் முதல் கணவருக்கும் இந்தப் பையனுக்கும் உரியது. மறுவருஷம் கேத்தரின் இங்கிலாந்து போய்விட்டார். (அதே 1689இல்தான் நம் திருச்சியில் ராணி மங்கம்மாள், பேரனைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு ஆட்சியை ஏற்கிறார். ஒரு பாட்டி நாடாண்ட காலம்.)

என் கணக்கில் பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தக் குட்டிக் கல்லறையில்தான் தொடங்குகிறது. லண்டன் திரும்பிய பணக்கார யேல் வாரிசு இல்லை என்று தவித்தார். மூன்று மகள்கள் உயிரோடு இருந்தார்கள். ஹிரோனிமா டி பைவா என்ற வைர வணிகரின் விதவையிடம் பிறந்த மகன் சார்லஸும் 1712 வரை இருந்தான். இவர்கள் யாரும் கணக்கில் வரவில்லை. சித்தப்பா தாமஸ் வழியில் ஒரு பையனை கனெக்டிகட்டிலிருந்து வரவழைத்தார். இந்த விஷயம் காலனியின் பிரதிநிதி ஜெரமையா டம்மர் காதுக்கு எட்டியது. நன்கொடை கேட்கலாமே என்று பிடித்துக்கொண்டார். காட்டன் மாதர் ஒரு கடிதம் போட்டார்: கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால், அது மகன்களைவிட நிலைக்கும் என்கிற தொனியில். பிள்ளையை இழந்தவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

1718இல் சரக்கு போய்ச் சேர்ந்தது: 9 பொதிகள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம், 417 புத்தகங்கள். பொதிகளில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. விற்றதில் 562 பவுன் தேறியது. கல்லூரி அப்போது இருந்த ஊர் நியூ ஹேவன். ஒரு புத்தகத்துக்காகப் பாட்டியை விலக்கி 73 வருஷம் கழித்து, பேரனின் புத்தகங்களுக்காக அதே ஊர் அவர் குடும்பப் பெயரைத் தலையில் சூடிக்கொண்டது. அதிலும் லாயிட் இல்லை, ஈட்டன் இல்லை. ஆனின் முதல் கணவர் பெயர்.

புத்தகம் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? வைரம், துணி, கவர்னர் பதவியில் செய்த சொந்த வியாபாரம். யேல் சபையில் இருந்த ஆண்டுகளில் கோட்டை அடிமைகளையும் ஏற்றுமதி செய்தது. பஞ்ச காலம் அது. 1687இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் செயின்ட் ஹெலினாவுக்குப் பத்து அடிமைகளாவது ஏற்ற வேண்டும் என்று உத்தரவு இருந்தது. 1688இல் தடை வந்தது, ஆனால் இரக்கத்தால் அல்ல. கோல்கொண்டாவைப் பிடித்திருந்த முகலாய அதிகாரிகளின் எதிர்ப்பால்.

ஆனின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். பீரில் சூனியம் வைத்துவிட்டான் என்று அவர் குற்றம் சாட்டிய ஆளின் பெயர் அந்தோணி. சபைப் பதிவில் அந்தப் பெயர் இருக்கிறது. கோட்டையின் கணக்கிலோ கப்பலுக்கு இத்தனை பேர் என்று எண்தான் ஓடுகிறது. அந்த 665 பேரையும் பெற்றவர்கள் சோழமண்டலக் கரையின் ஏதோ கிராமங்களில் இருந்த நம் பெண்கள்.