சூளையில் வெந்த பென்சில்

நல்லூர்க்காரர்களுக்கு மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து விருத்தாசலத்தில் களிமண் அகல்விளக்காகவும், கொலுப் பொம்மையாகவும், மின்கம்பத்துப் பீங்கானாகவும் மாறுவதைப் பார்த்துத்தான் வளர்கிறோம். பிசைந்த மண் சூளைக்குள் போய் வெந்து வந்துவிட்டால் அப்புறம் தண்ணீருக்குக் கரையாது. இது தெரிந்தவர்களுக்குக் கடலடியில் மீன்களைக் கணக்கெடுக்க உதவும் ஒரு பொருளின் கதை எளிதில் புரியும். அந்தப் பொருள் சாதாரண மரப் பென்சில்.

பென்சிலின் நடுவே ஓடும் கருங்குச்சி வெறும் கரி இல்லை. அதில் பாதிக் கதை களிமண்ணுடையது. 1790களில் இங்கிலாந்தோடு போர் மூண்டதால் பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் வரவில்லை. கிடைத்த மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண் சேர்த்துப் பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார் நிக்கோலா ழாக் கோன்தே. 1795-இல் அந்த முறைக்கு உரிமம் பெற்றார். மண் கூடினால் குச்சி கடினமாகும், எழுத்து வெளிறும். மண் குறைந்தால் மென்மையாகும், எழுத்து கறுக்கும். இன்றும் அதே முறைதான். நம் மாநிலத்தில் சிவகங்கையில் கிராஃபைட் வெட்டி எடுக்கிறார்கள். இந்தியப் பென்சில்களுக்கான பாப்லர் மரச் சில்லுகளில் பெரும்பங்கு காஷ்மீரின் புல்வாமாவிலிருந்து வருகிறது. காஷ்மீர் மரமும் சுட்ட மண்ணும் சேர்ந்து கடைக்கு வந்து, ஒரு முக்குளிப்பவரின் பைக்குள் போகின்றன.

அங்கே அதற்கு ஒரு துணை கிடைக்கிறது. கையகல வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. ஸ்கூபாக்காரர்கள் அதையும் ‘சிலேட்’ என்றே சொல்கிறார்கள். பென்சிலைப் பாதியாக ஒடித்து, இரு முனையும் சீவி, நூலால் சிலேட்டில் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு முனை முறிந்தால் மறுமுனை உதவும். கிராஃபைட் அடுக்கு அடுக்காக இருப்பது. அழுத்தினால் மேலடுக்கு வழுக்கி வந்து பலகையில் ஒட்டிக்கொள்ளும். மை இல்லாததால் கலைய ஒன்றும் இல்லை.

பென்சில் தயார். அதைப் பிடிக்கும் கை தயாராக நாளாகும். கடலடியில் மீன் எண்ணும் இவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். அலுவலகம் போகிறவர், ஆசிரியர், மாணவர் என்று பலரும் விடுமுறை நாட்களைக் கொடுத்து வருகிறார்கள். அமெரிக்காவில் 1990-இல் தொடங்கிய ரீஃப் அமைப்பும், 1996-இல் தொடங்கிய ரீஃப் செக் அமைப்பும் இப்படிப்பட்டவர்களை நம்பியே வளர்ந்தன. ரீஃப் செக் 1997-இல் நடத்திய முதல் கணக்கெடுப்பே 31 நாடுகளில் 300-க்கும் மேற்பட்ட பவளத்திட்டுகளைத் தொட்டது.

முதல் வகுப்பு கரையில், படங்களோடு நடக்கிறது. நிறத்தை நம்பாதே, உருவத்தைப் பார் என்பதே முதல் பாடம். வண்ணாத்தி மீன் தட்டுப் போலத் தட்டையானது, வாய் கூம்பியது. களவா பாறையடியில் தடித்த உதட்டோடு அசையாமல் கிடக்கும். கிளிமீன் வாலை அதிகம் ஆட்டாது, பக்கத் துடுப்புகளை இறக்கைபோல் அடித்துப் போகும். பவளத்தைச் சுரண்டும் அதன் பற்கள் கிளியின் அலகைப் போலவே ஒட்டியிருக்கும். பல கிளிமீன்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும். மாறும்போது பழுப்பும் சாம்பலுமாக இருந்த உடல் பச்சையும் நீலமுமாக ஆகிவிடும். நிறத்தை மட்டும் பார்த்தவர் ஒரே மீனை இரண்டு இனமாக எழுதிவிடுவார்.

பிறகு கடல். ரீஃப் செக் முறையில் 100 மீட்டர் நாடாவை அடியில் விரிக்கிறார்கள். உடனே எண்ணத் தொடங்குவதில்லை. மிரண்ட மீன்கள் திரும்பி வரும்வரை கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். பின்பு 20 மீட்டர் எண்ணி, 5 மீட்டர் விட்டு, மறுபடி 20 மீட்டர் என நான்கு துண்டுகள். நாடாவின் இருபுறமும் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் வருபவை மட்டும் கணக்கு. களவாவாக இருந்தால் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். வாயில் மூச்சுக்கருவி இருக்கிறது, பேச வழியில்லை. அங்கே பென்சில்தான் நாக்கு. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. நம் பால்காரர் சுவரில் போட்ட அதே கோடுகள்.

இந்தக் கோடுகளுக்காக ஏன் இவ்வளவு பாடு? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. வெளுத்துச் செத்த பவளத்தின்மேல் பாசி படர்ந்தால் புதிய பவளக் குஞ்சு ஒட்ட இடமிருக்காது. அந்தப் பாசியை மேய்பவை கிளிமீனும் ஓராவும். வண்ணாத்தி மீன்களில் பல உயிருள்ள பவளத்தையே தின்பவை, அவை குறைந்தால் பவளம் குறைகிறது என்று பொருள். களவா காணவில்லை என்றால் பிடிப்பு மிஞ்சிவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே முறையில் எண்ணினால்தான் கடல் தேறுகிறதா தேய்கிறதா என்று சொல்ல முடியும். ‘முன்னெல்லாம் நிறைய மீன் இருந்தது’ என்ற பெருமூச்சு சட்டத்தின் முன் நிற்காது, எண்ணிக்கை நிற்கும். தன் மூச்சுக் காற்றைச் செலவழித்து அந்த எண்ணைக் கொண்டுவருகிறவர் கடலுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் என்றே நான் மதிக்கிறேன்.

மாலையில் கரையில் சிலேட்டுகள் வரிசையாக உலர்கின்றன. சேர்ந்து இறங்கிய இருவரும் கணக்கை ஒப்பிட்டு, ஐயமுள்ள மீனைப் படத்தில் தேடி, தாளுக்கும் கணினிக்கும் ஏற்றுகிறார்கள். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்துச் சிலேட்டை வெள்ளையாக்குகிறார்கள். எழுத்து போய்விடும், எண்ணிக்கை இருக்கும்.

எங்கள் மணிமுத்தாறு நல்லூரையும் விருத்தாசலத்தையும் தாண்டி வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எங்கள் வயல் மண்ணும் அந்த வழியாகவே கடலுக்குப் போகிறது. ஆகவே அந்தக் கடலின் கணக்கு எங்களுக்கும் சேர்ந்த கணக்கு.

பென்சில் இப்போது விரல் நீளத்துக்குக் குறைந்திருக்கிறது. உப்பில் ஊறிய மரம் உப்பி, ஒட்டு விட்டுப் பிளந்திருக்கிறது. உள்ளே சுட்ட மண் மட்டும் அப்படியே இருக்கிறது. சீவினால் நாளைக் காலை முக்குளிப்புக்கு அது போதும்.