வந்தவர் கற்ற தொழிலும் வாய்த்த பணியும்

பெங்களூர், வந்தாரை வாழவைக்கும் நகரம் என்று மேடைதோறும் புகழக் கேட்டிருக்கிறோம். புகழுரை பொய்யன்று. ஆயினும் வந்தவனுக்குப் பிழைப்பளிப்பது வேறு. அவன் கற்ற தொழிலுக்கேற்ற பணியளிப்பது வேறு. நாடிழந்து வருவோர்க்குச் சோறிடுவோர் எங்கும் உளர். ‘உமக்கு என்ன தெரியும்?’ என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்வி எழுந்த இடங்களும் எழாத இடங்களும் இக்கன்னட நாட்டு வரலாற்றிலும் நம் தமிழ் மக்கள் வரலாற்றிலும் உண்டு.

1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில திங்களிலேயே ஜெர்மனியின் யூதப் பேராசிரியர்கள் பதவியிழந்தனர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மாக்ஸ் பார்ன் அவர்களுள் ஒருவர். குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட அறிஞர். இங்கிலாந்து சென்ற அவருக்குக் கேம்பிரிட்ஜில் கிடைத்ததோ தற்காலிகப் பணி. அதே 1933இல்தான், டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம் முதியோர் வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகச் சர் சி. வி. இராமன் பொறுப்பேற்றார். ஜெர்மனி வெளியே தள்ளிய அறிவை இந்தியா வாரிக்கொள்ளலாம் என்று அந்நாளிலேயே கணித்தவர் அத்தமிழர். அவர் அழைப்பின்பேரில் 1935இன் பிற்பகுதியில் பார்ன் தம் மனைவியுடன் பெங்களூர் வந்து ஆறு திங்கள் தங்கினார்.

அவரை இங்கேயே நிலையாக அமர்த்திவிட இராமன் விரும்பினார். பேராசிரியர் கூட்டத்தில் அவர் தகுதியை விரித்துரைத்துப் பரிந்து பேசினார். அப்போது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டார் துரத்திவிட்ட இரண்டாந்தர அயலார் இக்கழகத்துக்கு வேண்டியதில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். பார்ன் அங்கேயே அமர்ந்திருந்தார். வீடு திரும்பி மனைவியிடம் அழுததாகப் பிற்காலத்துத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இராமனிடமும் குறையில்லாமல் இல்லை. பிறரை அரவணைத்துக் காரியத்தை முடிக்கும் கலை அப்பேரறிஞருக்குக் கைவரவில்லை. 1937இல் அவரே இயக்குநர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. பார்ன் 1936இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். இழந்தவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பார்னின் சகோதரி மகன் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், பெர்லினில் பயின்ற கட்டடக் கலைஞர். அவரும் 1933இல் அரசுப் பணியிழந்து எகிப்து சென்றவர். திவான் சர் மிர்ஸா இஸ்மாயிலின் காலத்தில், 1939இல், மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக அமர்ந்தார். பசவனகுடி கிருஷ்ணராவ் பூங்காவின் மண்டபமும் அறிவியல் கழக வளாகத்துக் கட்டடங்கள் சிலவும் அவர் வரைந்தவை. வெயிலும் மழையும் அறிந்து நிழல்தரும் நீண்ட கூரையும் காற்றோடும் திறப்புகளும் வைத்தார். புவனேசுவரத்தின் நகரத் திட்டமும் அவருடையதே. 1948 முதல் 1951 வரை மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக, பிரிவினையால் வீடிழந்து வந்தோர்க்குக் குடியிருப்பு அமைக்கும் பொறுப்பை ஏற்றார். அகதியாய் வந்தவர் அகதிகளுக்கு வீடு கட்டினார்!

இவ்விருவரும் பெயர் பெற்றோர், பரிந்துரைக்க ஆளுடையோர். பெயரில்லாதோர் நிலை யாது?

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும். 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்கவேண்டும். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அம்மக்களைக் கேட்டு எவரும் கையெழுத்திடவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோரை அரசு ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. அவர்களுட் பலர் பிறந்ததே கண்டியிலும் பதுளையிலும். அத்தாயகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர்.

அலுவலகத்தில் படிவங்களோடு நாளைக் கழிக்கும் நமக்கு ஒன்று தெரியும்: ‘தொழில்’ என்னும் கட்டம் எப்போதும் குறுகியதே. அதில் ‘கூலி’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக, முற்றியதை விட்டு இளந்தளிரைமட்டும் இரு கைகளாலும் விரைந்து கிள்ளுவது ஒருநாளில் வருவதன்று. கவ்வாத்து வெட்டுவது அதனினும் நுட்பம். வெட்டு தவறினால் செடி பட்டுப்போகும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவோன் பட்டையை இழையிழையாகச் சீவவேண்டும். கத்தி உட்கட்டையைத் தீண்டினால் மரம் புண்பட்டு அவ்விடத்துப் பட்டை சீராக வளராது. இத்தனையும் ‘கூலி’ என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிட்டன.

வந்தோருட் பெரும்பாலார்க்குக் கிடைத்தது வியாபாரக் கடன். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவனிடம் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, சமவெளியில் கடை வை என்றால் அவன் என் செய்வான்? துலாக்கோலும் பற்றுவரவும் அறியாதவன். கடன் கரைந்ததும் குடும்பம் குடும்பமாக மலையேறி நீலகிரியில் கூலிக்கு நின்றனர். கொடைக்கானல் மலைகளில் கொத்தடிமையாய்ச் சிக்கியோரும் உண்டு. இது கொடுத்தவரின் கருமித்தனம் அன்று. கேள்வி கேளாமையின் விளைவு.

கேட்ட இடங்களும் இருந்தன. தமிழ்நாட்டு வனத்துறை 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1976 முதல் டான்டீ என்னும் கழகமாயிற்று. அங்கே வந்தவர் கைக்குத் தெரிந்த வேலையே கிடைத்தது. கேரளத்தில் புனலூரை அடுத்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நம் கர்நாடகத்திலோ, தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர் வட்டங்களின் மலைச்சரிவுகளில் அரசு ரப்பர்த் தோட்டங்கள் இவர்களுக்காக அமைந்தன. கர்நாடக வன வளர்ச்சிக் கழகம் அவற்றை நடத்திவருகிறது. ரப்பர்க் கன்று நட்டால் பால் வெட்ட ஏறத்தாழ ஏழாண்டு காத்திருக்கவேண்டும். அதுவரை குழிவெட்டுதலும் களையெடுத்தலுமே வேலை. இலங்கையில் தேயிலைமட்டும் அறிந்தோர் பால்வெட்டைப் புதிதாகக் கற்றனர். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தோர் சொல்லிக்கொடுத்தனர்.

இதனைக் குறையற்ற ஏற்பாடு என்று நாம் கூறமாட்டோம். தோட்டத்து வேலையோடு தோட்டத்து வீடும் பிணைந்தது. ஓய்வு பெற்றால் இரண்டும் ஒருசேரப் போகும் அச்சம் நீலகிரியிலும் உண்டு, சுள்ளியாவிலும் உண்டு. தொழிலறிந்து பணி கொடுத்தோர், அத்தொழிலையே பிள்ளைகளுக்கும் விதியாக்கிவிட்டனரோ என்னும் ஐயமும் நமக்குண்டு.

சுள்ளியாத் தோட்டங்களில் வைகறையில் கத்தியும் வாளியுமாக மரந்தோறும் நடப்போருள் இலங்கையைக் கண்ணாலும் காணாதவர் பலர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கடைத்தெருவில் துளு. ஊரார் இன்னும் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றே அழைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளிப்படிப்பும் கல்லூரிப்படிப்பும் முடித்து மங்களூருக்கும் நம் பெங்களூருக்கும் பணி தேடி வருகின்றனர். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்று கேட்குமிடத்தில் ‘கூலி’ என்றே எழுதித் தருகின்றனர்.