சிறுநீர் சொல்லும் செய்தி

மாணவர்களே, 1971-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வெற்றியுடன் பொருத்தப்பெற்றது. இந்தியாவில் அதுவே முதல் வெற்றி. ஆற்காட்டுச் சீமைக்குப் பெருமை. ஆயினும் அந்நிலை வாராமற் காத்தல் அதனினும் நன்றன்றோ?

சிறுநீரகம் பெரும்பாலும் வலியின்றியே பழுதுபடும். 1827-இல் இந்நோயை விளக்கிய இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட், சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவத்திச் சுடரிற் காய்ச்சினார். அது முட்டை வெண்கருவைப்போல் உறைந்தது; இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் கசிந்ததற்கு அதுவே சான்று.

பிற்காலத்தில் சென்னை மருத்துவர் எம். கே. மணி, நாட்டுப்புறப் பணியாளரைப் பழக்கி, வீடுதோறும் சிறுநீரில் சிறிது அமிலம் சேர்த்து அப்புரதத்தைக் கண்டறியச் செய்தார். முன்னரே கண்டால், நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கிச் சிறுநீரகத்தைக் காக்கலாம். உங்கள் பெற்றோர் இவ்வாண்டு இச்சோதனை செய்துகொண்டனரா? இன்றே கேளுங்கள்.