விளையாட்டுக்கு வேண்டிய பெரியவர்: ஜமைக்கா ஆய்வும் குழந்தை வளர்ச்சியின் சமூக நிபந்தனைகளும்

குழந்தையின் வளர்ச்சிக்கு விளையாட்டு இன்றியமையாதது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. கல்விக் கொள்கை ஆவணங்கள் அதைச் சொல்கின்றன; ‘மூளை வளர்ச்சிக்கு’ என்று பெட்டிமேல் அச்சிட்டுப் பொம்மை விற்பவர்களும் சொல்கிறார்கள். எல்லாரும் தலையாட்டும் ஒரு கருத்துக்குள் சான்று எவ்வளவு, நல்லெண்ணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்தாம் குறைவு. விளையாட்டு குழந்தைக்குள்ளிருந்து தானாகச் சுரப்பது, நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்று கருதுவது ஒரு போக்கு. கடையில் வாங்கித் தரக்கூடிய பொருளாக அதைக் கருதுவது இன்னொரு போக்கு. பிறந்து முதல் மூன்று ஆண்டுகளைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தா என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வயதில் அறிவையும் மொழியையும் வளர்க்கும் விளையாட்டு, குழந்தைக்கு ஈடுகொடுத்துப் பதில் தரும் ஒருவர் எதிரே இருந்தால்தான் நிகழ்கிறது. அந்த ஒருவருக்குக் கை ஒழிவதும் மனம் ஒழிவதும் கூலி, வேலை நேரம், வீட்டின் அமைப்பு, உதவிக்கு இருக்கும் ஆட்கள் ஆகியவற்றைப் பொறுத்தவை. ஆகவே விளையாட்டு பற்றிய கேள்வி, பாதிக்குமேல், உழைப்பு பற்றிய கேள்வி.

இதற்கான வலுவான சான்று ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து கிடைக்கிறது. சாலி கிராந்தம்-மெக்கிரிகர், கிறிஸ்டின் பவல், சூசன் வாக்கர் முதலியோர் 1986–87இல் அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 9 முதல் 24 மாதம் வரையிலான, வயதுக்கேற்ற உயரத்தை எட்டாத 129 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால் கலந்த ஊட்டப்பொடி. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், விளையாட்டுக்காக வீடு தேடி வரும் ஒரு சுகாதார உதவியாளர். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டாண்டு முடிவில், 1991இல் வெளியான முடிவுகளின்படி, உணவும் பயன் தந்திருந்தது, விளையாட்டும் தந்திருந்தது. இரண்டும் சேர்ந்து பெற்றவர்கள் உயரம் குன்றாத குழந்தைகளின் வளர்ச்சியைக் கிட்டத்தட்ட எட்டியிருந்தார்கள். பிறகுதான் வழிகள் பிரிகின்றன. அந்தக் குழந்தைகள் வளர வளர ஊட்டப்பொடியின் தடம் தேய்ந்து மறைந்தது. விளையாட்டின் தடம் நின்றது. 17, 18 வயதில் விளையாட்டு வருகை பெற்றவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாகவும் தன்மதிப்பு கூடுதலாகவும் இருந்தன. 22 வயதளவில் 129 பேரில் 105 பேரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, விளையாட்டு வருகை பெற்றவர்களின் சம்பாத்தியம் பெறாதவர்களுடையதைவிட 25 விழுக்காடு உயர்ந்திருந்தது. பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் 2014இல் இதை வெளியிட்டார்கள்.

வாரம் ஒரு மணி நேரம் என்பது ஒரு குழந்தையின் விழித்திருக்கும் பொழுதில் நூற்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அந்த ஒரு மணி நேரமே இருபது ஆண்டு கழித்துச் சம்பளமாகத் திரும்பி வந்தது என்று நம்பச் சொன்னால் நம்ப முடியாது, நம்பவும் தேவையில்லை. வந்தவர் குழந்தையோடு விளையாடிவிட்டுப் போகவில்லை. தாயை விளையாட வைத்தார். வேண்டாமென்று எறியும் பொருள்களிலிருந்து செய்த எளிய விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுச் சென்றார். அடுத்த வாரம் அவற்றை மாற்றினார். குழந்தை எதைக் காட்டுகிறது, எந்த ஒலி எழுப்புகிறது என்று கவனித்து அதற்குப் பதில் சொல்லவும், செய்ததைப் பாராட்டவும் தாய்க்குப் பழக்கினார். மீதி ஆறு நாளும் நடந்ததுதான் உண்மையான சிகிச்சை. வீட்டுக்குள் நிகழும் பேச்சும் கொடுக்கல் வாங்கலும் மாறின. உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930களிலேயே வலியுறுத்திய கருத்து இங்கே களச் சான்று பெறுகிறது: குழந்தை தனியாகச் செய்ய முடியாததை, அறிந்த ஒருவரின் துணையோடு முதலில் செய்கிறது, பிறகே அது அதன் சொந்தத் திறனாகிறது. சாமான் அந்தத் துணைக்கு ஒரு சாக்கு. பொம்மைப் பெட்டியை மட்டும் அனுப்பியிருந்தால் இதே விளைவு கிடைத்திருக்கும் என்று கருத இந்த ஆய்வில் எந்த முகாந்திரமும் இல்லை.

இதைக் கேட்டவுடன் எழும் முதல் மறுப்பு சோறு பற்றியது. பசித்த வயிற்றுக்கு முன்னால் விளையாட்டைப் பேசுவது வசதிபடைத்தவர்களின் பேச்சு அல்லவா? ஜமைக்கா முடிவை வைத்து உணவுத் திட்டங்களின் நிதியில் கைவைக்க நினைப்பவர் யாரேனும் இருந்தால் அவருக்கு இந்த மறுப்பு சரியான பதில்தான். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த ஊட்ட ஆய்வில், இரண்டு கிராமங்களுக்குப் புரதம் மிகுந்த கஞ்சியும் மற்ற இரண்டுக்குப் புரதமற்ற பானமும் வழங்கப்பட்டன. சிறு வயதிலேயே கஞ்சி குடித்து வளர்ந்த ஆண்கள் பெரியவர்களானபோது கணிசமாகக் கூடுதல் கூலி பெற்றதை 2008இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. உணவின் தடம் எங்கும் மறைந்துவிடும் என்று பொதுவிதி வகுக்க முடியாது. நான் இங்கே சொல்வது அதைவிடக் குறுகியது: உணவு விளையாட்டுக்கு மாற்றாகாது. வயிறு நிறைந்த குழந்தையும், பதில் தரும் முகம் இல்லாவிடில், பின்தங்கும்.

ருமேனியா இதற்கு எதிர்ப்பக்கச் சான்று. சௌசெஸ்குவின் ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்ததையடுத்து, பெற்றோரால் வளர்க்க இயலாத குழந்தைகள் அரசு இல்லங்களில் பெருமளவில் குவிந்தார்கள். முறை வைத்து மாறும் சில பணியாளர்கள், பல தொட்டில்கள். சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். நான்கரை வயதில் இல்லத்திலேயே தங்கியவர்களின் சராசரி அறிவுத்திறன் ஈவு 73. குடும்பத்துக்குச் சென்றவர்களுக்கு 81. தொடக்கத்திலிருந்தே சொந்தக் குடும்பத்தில் வளர்ந்த அதே நகரத்துக் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் கூடுதலாக மீண்டார்கள். இது விளையாட்டைத் தனியே பிரித்தெடுத்த சோதனை அல்ல. ஒரு குழந்தையைத் தன் குழந்தையாகக் கவனிக்கும் ஆள் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதைக் காட்டியது. அந்த ஆள் இல்லாத இடத்தில் விளையாட்டு ‘தானாக’ முளைத்து ஈடுசெய்துவிடவில்லை என்பதே நமக்கு இங்கே முக்கியம்.

இரண்டாம் மறுப்பு உளவியலுக்குள்ளிருந்தே வருகிறது, இதுதான் கடினமானது. ஏஞ்சலின் லில்லார்டும் உடனாய்வாளர்களும் பாவனை விளையாட்டின் பயன்கள் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை 2013இல் சலித்துப் பார்த்தார்கள். படைப்பாற்றல், அறிவுத்திறன், தற்கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பாவனை விளையாட்டே காரணம் என்ற உறுதியான கூற்றைச் சான்றுகள் தாங்கவில்லை என்று முடிவுகட்டினார்கள். பல ஆய்வுகளில் விளையாட்டை நடத்திய பெரியவரின் ஈடுபாட்டிலிருந்து விளையாட்டின் விளைவைப் பிரிக்க முடியவில்லை என்பது அவர்கள் சுட்டிய குறைகளில் ஒன்று. விளையாட்டின் புகழ் பாடுவோர் இந்த ஆய்வைக் கண்டும் காணாமல் போவது வழக்கம். போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். விளையாட்டு என்ற செயல்வகைக்கே மாயசக்தி உண்டு என்று வாதிடுபவரைத்தான் இது கவிழ்க்கும். பெரியவரின் ஈடுபாடே உயிர்நாடி, விளையாட்டு அது பாயும் வாய்க்கால் என்று கொள்வோருக்கு லில்லார்டின் விமர்சனம் துணையாகவே நிற்கிறது. வேறு வாய்க்கால்களும் உண்டு: கதை, பாட்டு, கூடவே வேலை செய்தல். ஆனால் ஒரு வயதுக் குழந்தை தானே கைநீட்டித் தொடங்கக்கூடியதும், சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பதும் விளையாட்டுதான்.

மூன்றாவது மறுப்பு மானுடவியலாளர்களுடையது. டேவிட் லான்ஸி 2007இல் எழுதிய கட்டுரையில், தாய் குழந்தையோடு விளையாடுவது உலகெங்கும் உள்ள வழக்கமல்ல என்று காட்டினார். எத்தனையோ வேளாண் சமூகங்களில் பெரியவர்கள் குழந்தைகளோடு விளையாடுவதில்லை. குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். நடுத்தர வர்க்க மேற்குலகின் பழக்கத்தை ஏழை நாட்டுத் தாய்மார் தலையில் கட்டுவதா? கேள்வி நியாயமானது. நம் பக்கத்திலிருந்து பிள்ளைத்தமிழை எடுத்துக்காட்டி இதற்கு விடை சொல்லத் தோன்றலாம்: சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று வரிசையாகப் பெரியவர் குழந்தையோடு கொஞ்சி விளையாடும் பருவங்கள் அதில் உள்ளனவே என்று. அது செல்லாது. பாட்டுடைத் தலைவன் கடவுளாகவோ மன்னனாகவோ இருக்கும் இலக்கியத்தை வைத்து நாற்று நட்டவளின் வீட்டை அளக்க முடியாது. சரியான விடை வேறு. லான்ஸி குறிப்பிடும் சமூகங்களில் தாய் விளையாடாவிட்டாலும் குழந்தை தனியாக இல்லை. அக்காளின் இடுப்பில் இருக்கிறது, பாட்டியின் திண்ணையில் இருக்கிறது, கலவையான வயதுடைய சிறுவர் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. பதில் தரும் முகங்கள் பல. அக்காள் பள்ளிக்குப் போய், பாட்டி ஊரிலேயே தங்கி, குடும்பம் நகரத்தின் ஒற்றை அறைக்குள் குடியேறும்போது அந்த முகங்கள் ஒருசேர உதிர்கின்றன. அக்காள் பள்ளிக்குப் போனதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் செய்துவந்த வேலை அழிந்துவிடவில்லை. பகல் முழுதும் கூலிக்குப் போகும் ஒருத்தியின் தோளில், யாரும் கேட்காமலேயே, வந்து இறங்கியிருக்கிறது. பண்பாட்டுத் திணிப்பு என்ற ஐயத்தைவிட இந்த இடமாற்றமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜமைக்காவில் இருந்தது 129 பேர்தானே, பெரிய அளவில் செய்தால் என்னாகும் என்பவர்களுக்குக் கொலம்பியா விடை சொல்கிறது; முழுக்க இனிப்பான விடை அல்ல. அங்கே 96 நகராட்சிகளில் 1,420 குழந்தைகளிடம், அரசின் பண உதவித் திட்டத்தில் இருந்த உள்ளூர்த் தாய்மாரையே பணியாளர்களாகக் கொண்டு, ஜமைக்கா முறை 18 மாதங்கள் பின்பற்றப்பட்டது. முடிவில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி உயர்ந்திருந்தது. வருகைகள் நின்று இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வேறுபாடு காணப்படவில்லை. இதனால் முறையே பொய் என்று சிலர் முடிவுகட்டலாம். இரண்டு இடங்களின் குழந்தைகளும் ஒரே நிலையில் இல்லை. ஜமைக்காவில் அனைவரும் உயரம் குன்றியவர்கள், வருகைகளின் காலமும் நீண்டது. அதையும் தாண்டி, இந்த முடிவு என் வாதத்தோடு முரண்படவில்லை என்பேன். வருகை ஒரு தாயின் பழக்கத்தை மாற்றலாம். அவளுடைய வேலை நேரத்தையோ கூலியையோ மாற்றுவதில்லை. பழக்கம் தங்குவதற்கு வேண்டிய நிலைமைகள் தங்காவிட்டால் பழக்கமும் தேயும். இதை நேரடியாகச் சோதித்த முடிவு என்று நான் கூறவில்லை. கிடைத்துள்ள இரு முடிவுகளையும் ஒருங்கே விளக்கும் வாசிப்பு இது.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய சோதனை இந்த வாசிப்புக்கு வலு சேர்க்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் இம்மாநிலத்தின் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்தவற்றுக்கு அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தார்கள். புதிய பாடத்திட்டத்தின் வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. கூடியது ஒரு ஜோடிக் கை. முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்து, மையத்தில் தொடர்ந்த குழந்தைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் உயர்ந்தது. உயரக் குறைவும் கடும் ஊட்டக் குறைவும்கூடக் குறைந்தன. கடைசிச் செய்தியைக் கவனிக்க வேண்டும். சமையல், எடை பார்த்தல், பதிவேடு, கூட்டம் என்று பகிர்ந்து கிடந்த பணியாளரின் கவனம் ஒருமுகப்பட்டபோது விளையாட்டும் படிப்பும் மட்டும் அல்ல, உணவுப் பணியும் மேம்பட்டிருக்கிறது. உணவா, விளையாட்டா என்ற போட்டியே ஆள் பற்றாக்குறை உண்டாக்கிய பொய்ப் போட்டி என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு.

ஆனாலும் அந்தச் சோதனை எட்டியது மையத்துக்கு வந்து உட்காரும் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை. ஜமைக்காவிலும் புக்கரெஸ்டிலும் சான்று வலுவாக இருப்பது அதற்குக் கீழே, குறிப்பாக இரண்டு வயதுக்குள். நம் அங்கன்வாடிக்கும் அந்த வயதுக் குழந்தைக்கும் இடையே உள்ள உறவு பெரும்பாலும் எடை பார்ப்பதோடும், தடுப்பூசியோடும், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவுப் பொட்டலத்தோடும் முடிந்துவிடுகிறது. ஒடிசாவில் 192 கிராமங்களில் நடந்த, 2020இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. தாய்மாரை வீடு வீடாகச் சந்திக்காமல் குழந்தைகளோடு குழுவாகக் கூட்டி நடத்திய அமர்வுகளும், வீட்டு வருகைகளுக்கு இணையான பயனைக் குறைந்த செலவில் தந்தன. அக்கம்பக்கம் என்ற பழைய துணையில் ஒரு பங்கைக் கூட்டம் மீட்டுத் தந்திருக்கலாம். எனினும் கூட்டத்துக்கு வர ஒருத்திக்குப் பொழுது வேண்டும். வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் வகுத்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே குழந்தைக் காப்பகத்தைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. இவற்றை நாம் தொழிலாளர் நலன் என்ற தலைப்பில் வைத்துப் படிக்கிறோம். குழந்தை வளர்ச்சித் துறையின் ஆய்வுகளில் இவை அரிதாகவே மாறிகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அடுத்த ஆய்வு, ஒரே விளையாட்டு முறையை, கூலி இழப்பு ஈடுசெய்யப்பட்ட தாய்மாரிடமும் ஈடுசெய்யப்படாத தாய்மாரிடமும் குலுக்கல் முறையில் ஒப்பிட வேண்டும். ஜமைக்கா நிலைத்ததற்கும் கொலம்பியா தேய்ந்ததற்கும் நான் மேலே தந்த விளக்கம் சரியா, தவறா என்பது அதில் தெரிந்துவிடும்.