மெய்ப்பு பார்ப்பவனின் கை

அண்ணல் அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை' 1923இல் லண்டனில் அச்சாகி வந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்ஸி. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு அது. நம்மவர்கள் அந்த நூலைப் பேசும்போது கீன்ஸோடு அவர் முரண்பட்டது வரும். 1925இல் நாணய ஆணையத்தின் முன் அவர் சொன்ன சாட்சியம் வரும். முன்னுரையின் கடைசிப் பகுதியை மட்டும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அங்கே இரண்டு பேருக்கு அண்ணல் நன்றி சொல்கிறார். ஒருவர் அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன். வாதங்களைக் கறாராகச் சோதித்துப் பல தவறுகளிலிருந்து தன்னைக் காப்பாற்றியவர் அவர், ஆனால் நூலின் கருத்துகளுக்கு அவர் பொறுப்பல்ல என்று எழுதுகிறார். இன்னொருவர் வில்சன் கல்லூரிப் பேராசிரியர் வாடியா. அச்சுப் படிகளைத் திருத்தும் வறட்டு வேலையை முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தவர்.

கேனனும் அந்த நூலுக்கு ஓர் அணிந்துரை எழுதினார். இந்த மாணவரின் விமர்சனங்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை, ஆனாலும் இதில் புத்துணர்ச்சி இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஏற்காத கருத்தைத் திருத்தித் தன் கருத்தாக மாற்ற அவர் முயலவில்லை. அந்த ஆய்வேடு லேசில் ஏற்கப்பட்டதும் இல்லை. 1922இல் ஒப்படைத்ததைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். அண்ணல் பம்பாய்க்குத் திரும்பி, எழுதி அனுப்பினார். முடிவுகளை விட்டுக்கொடுக்கவில்லை என்றே அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1923இல் பட்டம் வந்தது.

ஆக, ஒரு நூலில் மூன்று கைகள். வாதத்தைச் சோதித்த கை, எழுத்துப் பிழை பார்த்த கை, எழுதிய கை. மூன்றும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. உதவிய இருவர் பெயரும் மறைக்கப்படவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இயக்க வேலையோடு மெய்ப்புப் பார்க்கும் வேலையும் செய்கிறவன் நான். கைகள் எப்படி மறைகின்றன என்பது எனக்குத் தெரியும். தமிழ் அச்சின் வரலாறே பெரும்பாலும் மறைந்த கைகளின் வரலாறுதான். பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் உழைத்தது தெரிகிறது. நாவலருக்கு அதற்கான சாதியும் மடமும் பின்னால் இருந்தன. எல்லீசின் கைக்குத் திருக்குறள் ஓலை போய்ச் சேர்ந்த கதை அப்படியா? ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்த தன் பாட்டன் கந்தப்பன் கொடுத்த ஓலை அது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைக்காமல் போயிருந்தால் அந்தப் பெயர் நமக்கு வந்திருக்குமா? பாட்டன் கொடுத்தார், பேரன் எழுதினார். அதனால் தப்பியது. எழுதப் பேரன் இல்லாத கந்தப்பன்கள் எத்தனை பேரோ!

அந்தப் பேரன்தான் 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் சாகும்வரை நடந்தது. தன் எழுத்தைத் திருத்தும் அதிகாரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளத்தான் சொந்தப் பத்திரிகை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' தொடங்கியதையும் நான் அப்படியே வாசிக்கிறேன். அந்தத் தலைப்பை வேறு எந்த ஆசிரியர் திருத்தாமல் விட்டிருப்பார்?

இப்போதைய நிலைமைக்கு வருவோம். பல்கலைக்கழக வாசலில் டைப் அடிக்கும் கடைகள் இருக்கின்றன. பிழை திருத்தித் தருவோம் என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், முழுசாவே எழுதித் தர்றோம் சார் என்பார்கள். நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். ஏன் போகிறார்கள்? நெறியாளர் படித்துப் பார்ப்பதில்லை. வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. அப்பனும் சித்தப்பனும் பேராசிரியராக இருக்கிற வீட்டில் இயல் இயலாகச் சாப்பாட்டு மேசையிலேயே திருத்தம் நடந்துவிடும். அதற்குப் பெயர் குடும்பச் சூழல். காலனியிலிருந்து வந்த பெண் வெளியாளிடம் காசு கொடுத்து ஒற்றுப்பிழை பார்த்தால் அதற்குப் பெயர் மோசடி. இந்த இரட்டை நாக்கை முதலில் அம்பலப்படுத்த வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்துக்கு மேல் போனால் ஆய்வுப் பதிவே ரத்து. நல்லது. ஆனால் கணினி எதைப் பார்க்கும்? ஏற்கெனவே இருக்கிற எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். கடைக்காரன் புதிதாக எழுதிக் கொடுத்ததை அது எப்படிப் பிடிக்கும்? காசில்லாமல் நாலு பத்தியைப் பார்த்து எழுதியவன் மாட்டுவான், காசு கொடுத்து முழுசாக எழுத வைத்தவன் தப்புவான்.

அதற்காக நாமும் எழுதிக் கொடுக்கலாமா? கூடாது. நம் பிள்ளைக்கு ஆய்வேடு எழுதிக் கொடுப்பது அவனுக்குப் பட்டத்தைக் கொடுத்து வாயைப் பிடுங்கிக்கொள்வது. நாளைக்கு நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டால் அவன் நிற்பான், எழுதிக் கொடுத்தவன் நிற்கமாட்டான். "கோட்டாவுல வந்தவன் இப்படித்தான்" என்று சொல்லக் காத்திருக்கிறவர்களுக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு திருட்டு உண்டு. திருத்தம் என்ற பெயரில் குரலை அழிப்பது. ஒப்பாரி பற்றி ஆய்வு செய்த ஒரு மாணவி தன் இயல்களை என்னிடம் கொண்டுவந்தாள். தன் பாட்டி சொன்னதை அவள் எழுதியிருந்தாள்: "கூழுக்குத்தான் பாடனன், சாவுக்கா பாடனன்." நெறியாளர் சிவப்பு மையால் அடித்து, 'கூழுக்காகவே பாடினேன், சாவுக்காகவா பாடினேன்' என்று மாற்றியிருந்தார். அவள் கேட்டாள்: "இலக்கணம் சரியாத்தாண்ணே இருக்கு. ஆனா இது எங்க ஆயா பேசினது இல்லியே?" பாட்டியின் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் பழையபடியே வைத்தோம். அவளுடைய சொந்த நடையில் ரகர றகரங்களையும் ஒற்றுகளையும் நான் குறித்துக் கொடுத்தேன். ஏன் அங்கே வல்லினம் மிகும் என்று ஓரத்தில் எழுதினேன். திருத்தியது அவள்தான். அடுத்த இயலில் பாதிப் பிழை குறைந்திருந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் பேச்சு மொழியிலேயே வந்த பிறகும் எது பிழை, எது குரல் என்று நம் தமிழ்த்துறைகளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தோழர்களே, படித்து வேலையில் இருக்கிற நம்மில் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு மாணவரின் ஆய்வேட்டையாவது காசில்லாமல் படிக்கலாம். பிழையைக் குறியுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள். வாதம் பலவீனமாக இருந்தால் கேள்வி கேளுங்கள், பதிலை நீங்கள் எழுதாதீர்கள். சாட்சி சொன்னவரின் பேச்சில் கை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும், யார் எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று முன்னுரையில் எழுதச் சொல்லுங்கள். அண்ணல் வாடியாவின் பெயரை எழுதினார். நம் பிள்ளைகள் எழுதுவதற்கு என்ன கூச்சம்?