ஜோனி ஏஸ்: ஒரு குறுகிய இசைவாழ்வின் பின்னணி

இளமையில் மறைந்த கலைஞரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்தம் மரணத்திலிருந்தே தொடங்குகின்றனர். அமெரிக்க றிதம் அன்ட் புளூஸ் பாடகர் ஜோனி ஏஸ் (1929–1954) இதற்குத் தக்க சான்றாவார். துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர் என்றே பலரும் அவரை அறிவர். ஆயின், அவரை உருவாக்கிய சூழலை நோக்குமிடத்து, அம்மரணத்திலும் முக்கியமான சமூக வரலாறொன்று புலனாகின்றது.

ஜோன் மார்ஷல் அலெக்சாண்டர் என்பது அவரது இயற்பெயர். ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் மதபோதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், கடற்படையிற் சிறிது காலம் இருந்தபின், பி. பி. கிங் முதலியோருடன் பியானோ வாசித்து வந்தார். கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை ‘இனத் தட்டுகள்’ எனப் பிரித்து வகுத்திருந்த பில்போர்ட் சஞ்சிகை, 1949 இலேயே ‘றிதம் அன்ட் புளூஸ்’ என்னும் பெயரை ஏற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் மெம்பிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி, உரிமையாளர் வெள்ளையராயிருந்தும், தன் நிகழ்ச்சிகளைக் கறுப்பின நேயர்க்கே உரியனவாக்கியது. புறக்கணிக்கப்பட்ட மக்கள் நுகர்வோராகக் கணிக்கப்படத் தொடங்கிய காலம் அது.

அவ்வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாகி, 1952 இல் டியூக் நிறுவனம் வெளியிட்ட ‘மை சோங்’, றிதம் அன்ட் புளூஸ் வரிசையில் ஒன்பது வாரங்கள் முதலிடம் வகித்தது. உரத்த குரலே அக்காலப் பாடகர் பலரின் வலிமையாயிருக்க, ஏஸோ அருகிலிருப்பவரிடம் முறையிடுவார் போன்று தாழ்ந்த குரலிற் பாடினார். இம்மென்மையே அவரது தனித்துவம் எனலாம்.

ஹூஸ்ரன் நகரின் கறுப்பின வணிகர் டொன் றோபி டியூக் நிறுவனத்தைத் தம்வசமாக்கியபின், ஏஸின் வாழ்வு ஓயாத பயணமாயிற்று. 1953 இல் ‘த குளொக்’ முதலிடம் பெற்றது. ஆயினும், பிறர் இயற்றிய பாடல்களுக்குத் தம் பெயரையும் இட்டுக்கொள்வது றோபியின் வழக்கமாயிருந்தது. உரிமையாளர் தம்மினத்தவராயிருத்தல் மட்டும் கலைஞரைச் சுரண்டலிலிருந்து காத்துவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1954 நத்தார் இரவில், ஹூஸ்ரன் நகர மண்டபத்தில் நிகழ்ச்சியின் இடைவேளையின்போது, கைத்துப்பாக்கியை விளையாட்டாகத் தம் தலைக்கு நேரே பிடித்துச் சுட்டு ஏஸ் மாண்டார். அது உயிரைப் பணயம் வைத்த சூதாட்டம் எனப் பரவிய கதையை உடனிருந்த இசைக்கலைஞர் ஒருவர் பின்னாளில் மறுத்தார்.

முன்னரே பதிவாகியிருந்த ‘பிளெட்ஜிங் மை லவ்’ 1955 இல் பத்து வாரங்கள் முதலிடத்தில் நின்றதுடன், வெள்ளையரின் பெருஞ்சந்தைக்குரிய பொது வரிசையிலும் இடம்பெற்றது. வெள்ளையினப் பாடகி தெரேசா புறூவரும் அதே ஆண்டில் அதனைப் பாடி வெளியிட்டார்.

வாழ்ந்தபோது திறவாத கதவு, மறைந்தபின் திறந்தது. அதனைத் திறந்தது மரணச் செய்தி மட்டுமன்று; மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் அக்குரல் தேடிக்கொண்ட வலிமையுமாகும். ஏஸை அவரது மரணத்தால் மட்டும் நினைவுகூர்வோர், அவரை இரண்டாம் முறையும் இழந்தவராவர்.