மாதிரிக் கப்பல் கட்டுதல்

நீளம், அகலம், உயரம், பாய்மரம், பீரங்கி, கைப்பிடிக் கம்பி என எல்லாமே ஒரே விகிதத்தில் குறையும்படி உண்மைக் கப்பலொன்றைச் சிறிதாகக் கட்டுவதே மாதிரிக் கப்பல் கட்டுதல். கூடத்தில் வைக்கும் அலங்காரக் கப்பலில் பாய் சற்றுப் பெரிதாக இருக்கலாம், துடுப்பு தடித்திருக்கலாம். அளவு மாதிரியில் அதற்கு இடமில்லை. 1:350 என்றால் உண்மையில் 350 செ.மீ. உள்ளது மாதிரியில் 1 செ.மீ. மரத்தால் கட்டும் பழைய பாய்க்கப்பல்களுக்கு 1:48 நெடுங்கால வழக்கு. கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்ற ஆங்கிலேயக் கணக்கிலிருந்து அது வந்தது. பிளாஸ்டிக் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் 1:350, 1:700 அளவுகளில் வருகின்றன. 1971இல் ஜப்பானின் தாமியா, ஹசெகாவா, அவோஷிமா, புஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து, நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் காட்டும் 1:700 வரிசையைத் தொடங்கின. அந்த அளவு உலகெங்கும் பரவியதற்கு அந்த வரிசையே காரணம்.

விகிதம் என்ன செய்கிறது என்பதற்குச் சென்னைக்கு மிகப் பழக்கமான போர்க்கப்பல் எம்டனே நல்ல எடுத்துக்காட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த அந்த ஜெர்மன் கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 1908இல் டான்சிக்கில் நீரில் இறங்கிய எம்டனின் நீளம் சுமார் 118 மீட்டர். 1:350இல் அது 34 செ.மீ., 1:700இல் 17 செ.மீ., 1:100இல் 118 செ.மீ. நீளம் எத்தனை மடங்கு குறைகிறதோ, எடை அதன் மும்மடி அளவில் குறையும். கப்பலின் எடை ஏறக்குறைய 3,660 டன். 1:100 மாதிரி சரியான நீர்க்கோட்டில் மிதக்க அது ஏறக்குறைய மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். ரிமோட்டால் ஓட்டும் மாதிரியானால் மோட்டார், பேட்டரி, ரிசீவர், ஈயக்கட்டி எல்லாமே அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். குளத்தில் விட்ட மாதிரிக் கப்பல் ஒருபுறம் சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம், மேல்தளத்தில் எடை கூடியதுதான்.

எம்டனை 1:350 அளவில் ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டுள்ளது. கிட் என்பது அச்சில் வார்த்த உதிரிப் பாகங்கள், விளக்கப்படம், டீகால் தாள் (எண்ணும் சின்னமும் ஒட்டுவதற்கான தாள்) ஆகியவை அடங்கிய பெட்டி. மரக் கிட்டுகளில் ஸ்பெயினின் ஆர்ட்டெசானியா லத்தினா, இத்தாலியின் அமாத்தி, கோரெல் ஆகியவை பெயர் பெற்றவை. பெட்டியிலுள்ள பாகங்கள் மட்டும் போதும் என்று நினைப்பது தவறு. 25 மி.மீ. தடிமனுள்ள கைப்பிடிக் கம்பி 1:350இல் 0.07 மி.மீ.தான். அவ்வளவு மெல்லியதாகப் பிளாஸ்டிக்கை வார்க்க முடியாது. மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்தெடுத்த கம்பிகளைத் தனியே வாங்கி ஒட்ட வேண்டியிருக்கும்.

கப்பலுடலே வேலையின் உயிர். உடல் கோணினால் மேலே எவ்வளவு நுணுக்கம் செய்தாலும் வீண். பலகைகளை அடுக்காக ஒட்டிச் செதுக்குவது எளிய முறை. இரண்டாவது முறை, ஏராவை (அடிமரத்தை) நிறுத்தி, வங்குகளை (விலாச் சட்டங்களை) அதில் பொருத்தி, மேலே மெல்லிய பலகைப் பட்டைகளை வளைத்து ஒட்டுவது. அணியத்தருகே (முன்முனையருகே) பட்டைகள் நெருங்கிக் குவியும். ஒவ்வொன்றையும் சீவிக் கூராக்காவிட்டால் ஒன்றின் மேலொன்று ஏறிவிடும். பட்டையை நீரில் ஊறவைத்தோ சூடு காட்டியோ வளைப்பார்கள். மூன்றாவது முறையான பைபர் வடசென்னைக்குப் புதிதன்று. காசிமேட்டில் மீன்பிடி பைபர் படகுகள் உருவாகும் வழிமுறையின் சிற்றுருவே மாதிரிக் கப்பலின் பைபர் உடலும்: மரத்தால் ஒரு மூல உடல், அதன்மேல் மெழுகு, அதிலிருந்து எடுத்த மோல்டு, மோல்டுக்குள் ஜெல்கோட், மேட் (கண்ணாடியிழை விரிப்பு), ரெசின். வேறுபாடு மேட்டின் கனத்தில் இருக்கிறது. படகுக்குரிய முரட்டு மேட்டைச் சிறிய உடலில் இட்டால் எடைக் கணக்கு சிதையும்; மெல்லிய நெய்த கண்ணாடியிழைத் துணியே பொருந்தும்.

உடல் முடிந்ததும் எழும் கேள்வி, எந்த நாளின் கப்பல் என்பது. போருக்கு முன் கிழக்காசியப் படையிலிருந்த எம்டன் வெள்ளை உடலும் மஞ்சள் புகைபோக்கியும் கொண்டது. போரில் சாம்பல் நிறம். அதன் உண்மைப் புகைபோக்கிகள் மூன்று. எதிரியை ஏய்க்க நான்காவது ஒன்றைப் போலியாக நிறுத்தினார்கள், 1914 அக்டோபர் 28 பினாங்கு தாக்குதலில் அது பயன்பட்டது. ஆகவே வெள்ளைக் கப்பலில் போலிப் புகைபோக்கி வைத்த மாதிரி எந்த நாளுக்கும் உரியதல்ல.

இந்தியக் கப்பலைக் கட்ட முனைவோர் டீகாலில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். இந்தியக் கடற்படைக் கப்பல்களுக்குக் கிட் அரிது. உறவுக் கப்பல் ஒன்றை மாற்றியமைப்பதே வழக்கம். பம்பாய் மசகான் தளத்தில் கட்டப்பட்டு 1972இல் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரி, பிரிட்டிஷ் லியாண்டர் வகையைச் சேர்ந்தது. ஏர்பிக்ஸ் நிறுவனம் 1:600இல் லியாண்டர் கிட் வெளியிட்டது. நீலகிரி லியாண்டரைவிட ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் கூடியது, 1:600இல் அது ஒரு மில்லிமீட்டர். அதை விட்டுவிடலாம், எண்ணை விட முடியாது. லியாண்டரின் எண் எஃப்109, நீலகிரியின் எண் எஃப்33. கிட்டிலுள்ள டீகால் பயன்படாது. நீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் டீகால் தாளில் எண்ணை அச்சிட்டு, மேலே தெளிந்த வார்னிஷ் அடித்து, காய்ந்தபின் வெட்டி ஒட்ட வேண்டும். சாதாரணப் பிரின்டர் வெள்ளை நிறத்தை அச்சிடாது என்பதால் வெள்ளை எழுத்துக்கு வெள்ளைத் தாளில் சுற்றுநிறத்தை அச்சிடுவது ஒரு வழி, ஸ்டென்சில் வெட்டி வண்ணம் தெளிப்பது மற்றொன்று.

கிட்டுகள் பெரும்பாலும் இறக்குமதி. அளவு மாதிரிகள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளின் இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டில் நடுத்தர விலையுள்ள பெட்டி இங்கு வந்து சேரும்போது பெரிய செலவாகிவிடுவது இதனால். கிட்டைத் தவிர மற்ற பொருள்கள் ஜார்ஜ் டவுனில் நடந்தே திரட்டக்கூடியவை: ஆண்டர்சன் தெருவில் அட்டையும் தாளும், மண்ணடிப் பக்கம் இரும்பு, பித்தளைச் சாமான்கள், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ரசாயனப் பொருள்கள். பெவிகால், அரால்டைட், உப்புத்தாள், பட்டி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சிறிய உடலுக்குத் தீக்குச்சியும் பலகைப் பட்டையாகும்.

இந்தியாவில் இக்கலைக்கு முறையான பள்ளியாக இருப்பது தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி கட்டுதல் ஒரு போட்டி. வெளிநாட்டில் இது தொழிலாகவே வேரூன்றிய இடம் மொரீசியஸ். 1960களின் பிற்பகுதியிலிருந்து கியூர்பிப் பகுதிப் பட்டறைகளில் வரைபடம் பார்த்துக் கையால் கட்டிய பாய்க்கப்பல்கள் விற்பனைக்கு வருகின்றன.

சென்னைக் கரைக்கே உரிய கலங்களுக்கு எந்தப் பெட்டியிலும் கிட் இல்லை. துறைமுகம் அமையும் முன் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா படகு. இத்தகைய கலங்களைக் கட்ட விரும்புவோர்க்குத் துணை, முன்பு அளந்து வைத்தவர்களின் வரைபடங்களே. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மொன் பாரி சோழமண்டலக் கரைப் படகுகளையும் அளந்து, 1840களில் வெளியான தம் நூலில் வரைந்தார். பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பின்னாளில் அவரே பொறுப்பாளர். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். பைபர் படகு கட்டுமரத்தை ஏறக்குறைய அகற்றிவிட்ட இன்று இந்த அளவுகளின் மதிப்பு கூடியிருக்கிறது. எம்டனுக்குக் காட்டும் அக்கறையைக் கட்டுமரத்துக்கும் காட்டுவதே முறை.

ஏழு மீட்டர் கட்டுமரம் 1:20இல் 35 செ.மீ. மரங்களை ஒட்டக்கூடாது, உண்மைக் கட்டுமரம் கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தப்படுவது, ஆகவே மாதிரியும் அவிழ்க்கக் கூடியதாகக் கயிற்றால் கட்டப்பட வேண்டும். மசூலா இன்னும் கடினம். அதற்கு வங்கு கிடையாது, ஆணியும் கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்து, தையலடியில் உலர்புல் வைத்து இறுக்குவார்கள். அலை அறையும்போது உடல் நெளிந்துகொடுப்பது இதனால்தான். 6 மி.மீ. கயிறு 1:20இல் 0.3 மி.மீ. நூல். பருத்தி நூலின் பிசிறு அந்த அளவில் கயிற்றைப் புதர்போலக் காட்டும். தேன்மெழுகில் இழுத்தெடுத்தால் பிசிறு படியும். துளைகளைப் பலகை வளைத்தபின் போடுவதே நல்லது, முன்பே போட்ட துளையில் பலகை பிளந்துவிடும்.